பேசினேன்

கடிகாரத்தைத் திருப்பி வைக்கத் தேவைப்படவில்லை.
திருப்பூரில் ஏழு மணி என்றால்
கல்லடியிலும் ஏழு மணி.
வெளிநாடு என்று சொல்லிக்கொள்ள
அது ஒரு குறையாகவே இருந்தது எனக்கு.
வழியனுப்ப வந்தவர்கள் கேட்டார்கள்,
அங்கே என்ன பாஷை?
தமிழ்தான் என்றேன்.
அப்புறம் என்ன, என்றார்கள்.

அப்புறம் என்பதற்கு
இங்கே மறுகா.

இவருக்கு கார்மென்ட்ஸில் மெஷின்களோடு வேலை.
ஓவர்லாக்கில் ஊசி உடைந்தால்
எந்த நாட்டிலும் ஒரே சத்தம் என்பார்.
எனக்குத்தான் கடைக்காரர்.
தேங்காய் நூற்றெண்பது என்றதும் நெஞ்சடைத்து,
மூன்றரையால் வகுத்து,
ஐம்பத்தொன்று சொச்சம் என்று தெளிந்து,
அதுவும் அதிகம்தான் என்று
நான் பையைத் திறக்கும்வரை
பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள்.
சோப்பு கேட்டேன், சவுக்காரம் வந்தது.
குழம்புப் பொடி கேட்டேன்,
ஆணத்துக்கா என்றார்.
மூணாவது சந்தியில் கிறுகுங்க என்று
வழி சொன்ன பையனிடம்
கிறுகுவது எப்படி என்று கேட்டிருக்கிறேன்.
எங்கள் ஊரில் தலைதான் கிறுகிறுக்கும்.
கையை வளைத்துக் காட்டினான்
காது கேளாதவளுக்குக் காட்டுவதுபோல.

பக்கத்து வளவு நவமணியக்கா
முதல் வாரமே வேலிக்கு மேலால்
ஒரு சட்டி மீன் தந்தவர்.
வெறும் சட்டியைத் திருப்பக்கூடாதென்று
அரிசிம்பருப்பு சோறு வைத்துக் கொடுத்தேன்.
கஞ்சியா சோறா இது என்று கேட்டு
முழுவதையும் தின்றார்.

அவர் மகள் டிதுஷா
ஒரு மாலை வேலியோரம் நின்று கேட்டாள்:
இஞ்ச விக்கிற பெனியன் எல்லாம் அங்கயா தைக்கிற?
வேலைக்குப் போற பொம்பிளைப் பிள்ளையள் எங்க தங்குற?
கடல் இல்லாம எப்படி இருக்கிற?
வந்த மூன்று மாதத்தில்
வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம்
அவ்வளவு நேரம் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.
பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போய்
திரும்பியும் வந்துவிட்டது.

மறுநாள் கடையில் பெருமையாகச் சொன்னேன்:
நவமணியக்கா பொண்ணுகிட்ட நேத்து
ஒரு மணி நேரம் பேசினேனுங்க.

அதற்குப் பிறகு இரண்டு நாள்
வேலிப்பக்கம் யாரும் இல்லை.
இவரிடம் சொன்னால்
பெல்ட் தளர்ந்திருக்கும், இறுக்கிப் பார் என்பார்.
சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வந்தார்.
கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.
"என்ட பிள்ளைக்கு என்னத்துக்குப் பேசின நீங்க?"
"பிடிச்சிருந்துச்சுங்க. பேசினேன்."
"பிடிச்சாப் பேசுவீங்களா?"
"பிடிக்காதவங்ககிட்ட எப்படிப் பேசறது?"
"ஒரு மணித்தியாலமா?"
"இன்னும் பேசியிருப்பேன். மழை வந்துடுச்சு."

கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தோம்.
தமிழ் எங்களுக்கு நடுவே
கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அவர்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்.
"ஏசல்லயா நீங்க? கதைச்சயளா?
அவள் இல்லையெண்டு சொல்லச் சொல்ல
மறைக்கிறாள் எண்டெல்லோ நினைச்சன்!"
இப்போது கதிரையில் விழுந்து சிரித்தார்.
அது கிறீச்சென்றது.
எனக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

நர்சரி சேர்ந்த முதல் வாரம்
என் மகன் மூக்கு ஒழுக வந்து சொன்னான்:
எல்லாரும் சொல்றாங்க,
டீச்சர் எனக்குப் பேசினாவாம்.
நல்லதுதானே கண்ணு,
தினமும் பேசச் சொல்லு என்று
முகம் துடைத்து அனுப்பினேன்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பிறகு அவன் சொல்வதை நிறுத்திவிட்டான்.
பழகிவிட்டான் என்று
ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அன்று நர்சரி விட்டு வந்தவனை
சப்பாத்தைக்கூடக் கழற்றவிடாமல்
மடியில் பிடித்து வைத்துக் கேட்டேன்:
டீச்சர் உன்னை ஏன் திட்டினாங்க சாமி?
"எப்ப?"
அப்போ. வந்த புதுசுல.
யோசித்தான்.
"அதுவா. அது முடிஞ்சிது.
மறுகா நான் அவவோட கதைச்சிட்டன்."

தெருவில் பாண் ஆட்டோ.
மடியிலிருந்து நழுவி
காசு கேட்காமலே ஓடினான்.